பந்தலில் இருந்தவர்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருக்களும் துறவிகளும் அல்லாத எல்லோருக்கும் 'பொதுநிலையினர்' என்று பெயர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் இவர்களுக்கென்று ஒரு தனி இயலே எழுதியது. உலகக் காரியங்களுக்குள் இருந்துகொண்டே அவற்றைச் சீர்செய்வது இவர்களுடைய அழைத்தல் என்றது. கடற்கரைப் பங்கு ஒன்றில் வளர்ந்த எனக்கோ அந்தச் சொல் ஆண்களையே குறித்தது. பங்குப் பேரவையில் வெள்ளைச் சட்டைகள்; ஊர்க் கமிட்டியிலும் அதே சட்டைகள். பெண்கள் கோயிலைப் பெருக்கினார்கள், செபமாலை சொன்னார்கள், அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரித்தார்கள்.

அந்தச் சொல்லை எனக்குத் திருத்திக் கொடுத்தது இடிந்தகரை.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் சோவியத் யூனியனோடு கையெழுத்தானது. அடுத்த மே முதல் நாளே, கடலைக் காக்கக் கோரி நடந்து வந்த மீனவர் பேரணிமீது கன்னியாகுமரியில் போலீஸ் சுட்டது. ஆகவே எதிர்ப்பு 2011இல் திடீரென்று முளைத்தது அல்ல. ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு அது வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் லூர்து மாதா கோயில் முன்பு பந்தல் எழுந்தது. 127 பேர் காலவரையற்ற உண்ணாநோன்பு இருந்தார்கள். பிறகு அது தொடர் உண்ணாநோன்பானது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பந்தலை நிறைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மடியில் பீடித்தட்டு, கையில் இலையும் நூலும். நோன்பிருந்த நாளிலும் பீடி சுற்றினால்தான் கூலி. தவக்கால ஒருசந்தியும் நவநாள் செபமும் பழக்கிய உடம்புகள் அவை. முறை வைத்து உட்காருவதும், மணி அடித்தால் கூடுவதும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய காரியங்கள் அல்ல.

ஆனால் அரசு அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் யார் என்று தேடியது. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், அமெரிக்காவிலிருந்து ஆதரவு பெறும் தொண்டு நிறுவனங்களைக் கை காட்டினார். தூத்துக்குடி மறைமாவட்ட அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டன. சாமியார் சொன்னார், பெண்கள் உட்கார்ந்தார்கள் என்பதே கதை. எனக்குக் கூடுதலாக வலித்தது, போராட்டத்தை ஆதரித்த சிலரும் இதே கதையைப் பாராட்டாகச் சொன்னதுதான். கோயில் முற்றத்தையும் மணியையும் கொடுத்தது, மறைமாவட்டம் அதற்கு விலை கொடுத்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக முற்றத்தைக் கொடுத்தவரும் அங்கே நாள்கணக்கில் பட்டினி கிடந்தவரும் ஒன்றாகிவிடுவார்களா?

2012 செப்டம்பர் 10இல் அணுஉலையை நோக்கிக் கடற்கரை வழியாக நடந்தவர்கள்மீது கண்ணீர்ப்புகையும் தடியடியும். மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஊருக்குள் புகுந்த போலீசார் கோயிலையும் மாசுபடுத்தினார்கள் என்று ஊரார் குற்றம் சாட்டினார்கள். மூன்றாம் நாள் மக்கள் கடலுக்குள் இறங்கி நின்றார்கள். போராட்டக் காலத்தில் 8,000க்கும் மேற்பட்டோர்மீது தேசத்துரோக வழக்கு பதிவானது. சேவியரம்மா, சுந்தரி, செல்வி ஆகியோர் மாதக்கணக்கில் திருச்சி சிறையில் இருந்தார்கள். பிணை கிடைத்தபோதும் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. மதுரையில் தங்கிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கடல் இல்லாத ஊர்.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது. ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அதன் பிறகும் பந்தல் கலையவில்லை. உண்ணாநோன்பு 1,000 நாளைத் தாண்டியது.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய 'லவுதாதோ சி' மடல் வந்தது. எங்கள் பங்கில் ஒரு ஞாயிறு பூசையில் அதைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. வீட்டுக்கு ஒரு மரம் வைக்கச் சொன்னார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி, "கடலப் பத்தி ஒண்ணும் எழுதலையாம்மா பாப்பு?" என்று கேட்டார்.

"எழுதியிருக்காரு பாட்டி. நாப்பதாவது பத்தியில இருக்கு."

"அத ஏன் வாசிக்கல?" என்றார் அவர்.