ஒரே ஓட்டை: ஒருவருக்குப் பாராட்டு, ஒருவருக்குச் சிறை

வீடியோ கேம் என்றதும் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. அதைத் திறந்தவர்களை உலகம் எப்படி நடத்தியது என்பது தனி வரலாறு. அதில் நம் ஜொகூர் பாருவுக்கும் பங்கு உண்டு.

1994 டிசம்பரில் ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷன் வெளிவந்தது. அதன் குறுந்தட்டில் தடம் நேராக ஓடாது. மிக நுண்ணியதாக நெளிந்து ஓடும். அந்த நெளிவுக்குள்தான் நான்கு எழுத்து இரகசியக் குறி. கணினியில் தட்டை நகலெடுத்தால் விளையாட்டு முழுவதும் வரும், நெளிவு மட்டும் வராது. குறி இல்லாத தட்டைப் பெட்டி ஏற்காது. நல்ல பூட்டுதானே? ஆனால் விரல் நகமளவு ஒரு சிப்பை உள்ளே வைத்து, சில கம்பிகளைப் பற்றவைத்தால் போதும். அந்த நான்கு எழுத்தையும் சிப்பே பெட்டியின் காதில் ஓதிவிடும். பெட்டியும் நம்பிவிடும்! இதற்குப் பெயர் மோட் சிப்.

90களின் கடைசியிலும் 2000களிலும் கள்ளத் தட்டு வாங்கப் பாலம் கடந்து வந்த சிங்கப்பூர்க்காரர்களுக்கு, ஜொகூர் பாருவின் ஹாலிடே பிளாசா நன்கு அறிந்த பெயர். தட்டுத் தொழிற்சாலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2000இல் நம் அரசு சட்டமே கொண்டுவந்தது. கள்ளத் தட்டு திருட்டுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நுணுக்கமாகப் பற்றவைக்கும் அந்தக் கைத்திறன் திருட்டல்லவே! அன்று அதை விலைகொடுத்து வாங்க வேறு ஆள் இல்லை.

தன் மென்பொருளில் பிழை கண்டுபிடித்தால் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் தருவதாக அமெரிக்காவின் ஹண்டர் அண்ட் ரெடி நிறுவனம் 1983இலேயே விளம்பரம் செய்தது. 1995இல் நெட்ஸ்கேப் பணமே கொடுத்தது. விளையாட்டுப் பெட்டி நிறுவனங்களோ நீதிமன்றத்தைத்தான் நம்பின. பிளேஸ்டேஷன் 3இன் பூட்டைத் திறந்த ஜார்ஜ் ஹாட்ஸ் மீது 2011 ஜனவரியில் சோனி வழக்குப் போட்டது, ஏப்ரலில் சமரசம். அதே ஏப்ரலில் வேறு யாரோ சோனியின் வலையமைப்புக்குள் புகுந்தார்கள். 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரம் அம்பலம், சேவை மூன்று வாரத்துக்கு மேல் முடக்கம். வழக்கு எதைக் காப்பாற்றியது, சொல்லுங்கள்?

நிண்டெண்டோ 2016 டிசம்பரில் வழிமாறியது. ஓட்டையை முதலில் சொல்பவருக்கு 100 முதல் 20,000 அமெரிக்க டாலர் வரை பரிசு. 2020 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸுக்காக மைக்ரோசாஃப்ட், ஜூனில் சோனி. பிளேஸ்டேஷன் 4இல் மிகக் கடுமையான ஓட்டை என்றால் 50,000 டாலர் முதல் என்றது சோனி. தாராளம் என்று நினைக்காதீர்கள், எல்லாம் கணக்குத்தான்.

என்ன கணக்கு? நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியின் சிப்பிலேயே ஓர் ஓட்டை இருப்பது 2018 ஏப்ரலில் வெளியானது. அதற்குள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றுவிட்டன. ஆலையிலேயே சிப்பில் பதிந்துவிட்ட பிழை. இணையம் வழியாகத் திருத்த முடியாது. இனி வரும் பெட்டிகளைத்தான் திருத்தலாம். சீக்கிரம் தெரிந்தால் எத்தனை பெட்டி தப்பும், பாருங்கள்!

அந்த ஓட்டையைக் கண்டவர்களுள் ஒருவரான கேட் டெம்கின் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வெளியிட்டார். அவர் ஆய்வாளராகவே மதிக்கப்பட்டார். டீம் எக்ஸிகியூட்டர் என்ற கும்பல் அதே ஓட்டையில் நுழையும் கருவியைச் செய்து விற்றது. அதன் விற்பனையைக் கவனித்த கேரி பவுசருக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

நம்மவர் பெயரும் ஒன்று உண்டு. சென்னையின் லக்ஷ்மண் முத்தையா 2021இல் மைக்ரோசாஃப்டிடம் 50,000 டாலர் பெற்றார். கடவுச்சொல்லை மாற்ற வரும் ஏழு இலக்க எண்ணில் ஒரு கோடி வாய்ப்புகள். ஒரே நொடியில் ஏராளமானவற்றை அனுப்பினால் காவல் தடுமாறுகிறது என்று காட்டினார். எக்ஸ்பாக்ஸில் நுழைவதும் மைக்ரோசாஃப்ட் கணக்கால்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதில் ஆர்வமிருந்தால், பரிசு அறிவிப்பின் நிபந்தனைகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எல்லை தாண்டிப் பிறர் கணினிக்குள் புகுந்தால், 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் எழுதிவைத்த தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.