பெற்றோலில் இருந்த ஈயமும் நம் ஜன்னல் கம்பிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995 ஒக்டோபர் 20ஐ ஒருகொடவத்தையில் மூத்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொலன்னாவையிலும் இங்கும் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்த நாள். அந்தப் புகை கண்ணுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் பேஸ்லைன் வீதியில் ஓடிய பெற்றோல் வாகனங்களின் பின்னாலிருந்து ஈயமும் வந்துகொண்டிருந்தது. அதை நாங்கள் பேசியதே இல்லை.

எஞ்சின் தட்டாமல் ஓட ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலில் கலக்கலாம் என்று அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டது 1921இல். வேடிக்கை என்னவென்றால், கட்டடங்களுக்குள் வெள்ளை ஈயப் பெயின்ட் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்டதும் அதே 1921இல்தான். நஞ்சு என்று தெரியாமல் நடந்ததல்ல. 1924இல் நியூ ஜேர்சியில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். விற்பனை கொஞ்சக் காலம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. இந்தியா 2000இல் நிறுத்தியது, நாம் 2002இல். உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். நூறு வருடம்!

நம் நாட்டில் தேசிய சுற்றாடல் சட்டம் 1980இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பெற்றோலிலிருந்து ஈயம் போக 22 வருடம் எடுத்தது. பெயின்டுக்கு இன்னும் தாமதம். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வர்த்தமானியில் எல்லை போட்டது. 2013 ஜனவரி 1 முதல் அமுல். விளையாட்டுச் சாமான் பெயின்டில் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம், எனமல் பெயின்டில் 600. பிள்ளைகள் வாயில் வைப்பது விளையாட்டுச் சாமானை மட்டுமா? ஜன்னல் கம்பியைப் பிடித்த கையும் வாய்க்குத்தானே போகிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுக்கும் 90தான்.

நம் வீட்டுப் பொருளொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சில சுருமாக்கள் ஈயக் கல்லை அரைத்துச் செய்தவை. அமெரிக்காவில் அவற்றுக்கு அனுமதி இல்லை. பெருநாளன்று பிள்ளையின் கண்ணில் பூசுமுன் அது எதனால் ஆனது என்று விசாரியுங்கள். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. அது முதலில் தொடுவது மூளையை. பாடம் ஏறாத பிள்ளையைச் 'சோம்பேறி' என்று ஏசிய ஆசிரியர்களில் நாங்களும் உண்டு.

2013இன் எல்லை புதிய பெயின்டுக்குத்தான். பழைய கட்டடங்களின் கதவிலும் கம்பியிலும் உரிந்து கிடப்பதை எந்த வர்த்தமானியும் சுரண்டி எடுக்கவில்லை. வரும் விடுமுறையில் பாடசாலைக்குப் பெயின்ட் அடிக்கச் சிரமதானம் வைத்திருக்கிறோம். பாஸ்மாரும் வாப்பாமாரும் தயவுசெய்து காய்ந்த பெயின்டைச் சேண்ட் பேப்பரால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுவோம், விழுவதைக் கூட்டாமல் ஈரத் துணியால் எடுப்போம். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம்.