டிராம் வண்டியும் போர்க்களமும்

வரலாற்றுத் துறையில் படித்தவன் என்பதால் இம்மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள் மலர்க் குழுவினர். "மன்னர், போர், தேதி எல்லாம் வேண்டாம் சார், வேறு ஏதாவது எழுதுங்க" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். சரி, போரை விட்டுவிடுகிறேன். போர் நடந்த நிலத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்கிறேன். தேதி கொஞ்சம் வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை முதல் மூன்று நாட்களில், அங்கே இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர் மாண்டார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். ஆபிரகாம் லிங்கன் பேசிய பேச்சு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பேசியது இடுகாட்டில். சண்டை நடந்ததோ அதைச் சுற்றியிருந்த வயல்களிலும், தோப்புகளிலும், பாறைக் குன்றுகளிலும். அவையெல்லாம் தனியார் பட்டா நிலங்கள்.

அவ்வூர் வக்கீல் டேவிட் மக்கானகி என்பவர்தான், பிண வாடை அடங்குமுன்பே, முக்கியமான இடங்களை விலைக்கு வாங்கிப்போட ஆரம்பித்தார். 1864-இல் இதற்கென்றே ஒரு நினைவுச் சங்கம் மாநில அரசின் அனுமதியோடு அமைந்தது. சங்கத்திடம் இருந்தது நன்கொடைப் பணம்தான். சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நன்கொடையை வைத்துக்கொண்டு எத்தனை ஏக்கர் வாங்க முடியும்!

1893-இல் வந்தது வம்பு. மின்சார டிராம் கம்பெனி ஒன்று, சுற்றுலா வருகிறவர்களைப் போர்க்களத்துக்குள்ளேயே அழைத்துப்போகத் தண்டவாளம் போட்டது. டெவில்ஸ் டென் என்ற பாறைக் காட்டில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிந்து சிப்பாய்கள் செத்தார்களோ, அந்தப் பாறைகள்! பழைய சிப்பாய்கள் கொதித்துப்போனார்கள். கம்பெனியைக் கேட்டால், "எங்கள் நிலம், எங்கள் தண்டவாளம்" என்றது. சட்டப்படி அது தப்பும் இல்லை.

1894 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நிலத்தை விலைக்கோ கட்டாயமாகவோ எடுத்துக்கொள்ளப் போர்த்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. மறு ஆண்டே அங்கே தேசியப் பூங்கா அமைக்கும் சட்டமும் வந்தது. அதைக் கொண்டுவந்த உறுப்பினர் டேனியல் சிக்கிள்ஸ், அதே போர்க்களத்தில் தன் வலது காலை இழந்த தளபதி. (அந்தக் கால் எலும்பைப் பத்திரமாக மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார் மனிதர். அது தனிக் கதை.)

கம்பெனி கோர்ட்டில் எதிர்த்தது. அதன் கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. தனியார் சொத்தைப் பொதுப் பயன்பாட்டுக்காக மட்டும்தான் அரசு எடுக்கலாம், அதுவும் உரிய இழப்பீடு கொடுத்து என்கிறது அரசியல் சட்டம். சாலைக்கு எடுக்கலாம், தபாலாபீசுக்கு எடுக்கலாம். "இங்கே இன்னார் செத்தார்கள்" என்று நினைத்துப் பார்ப்பது ஒரு பயன்பாடா? கீழ்க்கோர்ட் இல்லை என்று சொல்லிவிட்டது.

உச்ச நீதிமன்றம் 1896 ஜனவரி 27-இல் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெக்கம். சொத்துரிமையை விட்டுக்கொடுக்காதவர் என்று பேரெடுத்தவர் அவர் என்பதுதான் வேடிக்கை. நாட்டுக்காக உயிர் கொடுத்த இடத்தைக் காப்பது குடிமக்களின் நாட்டுப் பற்றை வளர்க்கும், அதுவும் பொதுப் பயன்பாடே என்றார். எத்தனை ஏக்கர் வேண்டும் என்பதை முடிவு செய்வது நாடாளுமன்றத்தின் வேலை, கோர்ட்டின் வேலை அல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். முதல் பாதி எனக்குச் சம்மதம். இரண்டாம் பாதியைப் படிக்கும்போது கொஞ்சம் நெருடுகிறது. நம் நாட்டிலும் அதே 1894-இல்தான் வெள்ளைக்காரன் நிலம் எடுப்புச் சட்டம் போட்டான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நீக்கும்வரை நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. நாலு-ஒன்று நோட்டீஸ் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் நம் கல்லூரியிலும் படித்திருப்பார்கள். "பொது நோக்கம்" என்ற இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு அடங்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

தீர்ப்பு வந்த கையோடு டிராம் நின்றுவிடவில்லை. 1916 வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1974-இல் வேறொருவர் களத்தை ஒட்டி 300 அடிக்கு மேல் ஒரு பார்வைக் கோபுரம் எழுப்பினார். மாநில அரசு வழக்குப் போட்டும் தடுக்க முடியவில்லை. கடைசியில் மத்திய அரசு அதைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, 2000 ஜூலை 3 அன்று, போரின் கடைசி நாளின் நினைவு நாளிலேயே, வெடி வைத்துச் சாய்த்தது. பூங்கா இன்று ஏறத்தாழ 6,000 ஏக்கர்.

அந்த ஏக்கர்களுக்குள் ஒரு சின்ன வெள்ளை வீடு இருக்கிறது. ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு. யாருக்கும் அடிமையாக இல்லாமல் 12 ஏக்கரில் பாடுபட்டவர். தெற்குப் படை பிடித்துக்கொண்டு போய் விற்றுவிடும் என்று குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது வேலி இல்லை, பயிர் இல்லை, சுவரெல்லாம் குண்டுத் துளை. அரசிடம் ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். 1869-இல் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். வீட்டை அரசு பழுது பார்த்து, சுண்ணாம்பு அடித்து, நன்றாகவே வைத்திருக்கிறது.