திரை விலகும் ஒளி

  எனக்குத் தெரிந்தது ஒளி; அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ரிக் வேதத்துக்கு உரை கண்ட சாயணர், கதிரவன் அரை நிமிஷத்தில் (அரை இமைப்பொழுதில்) 2202 யோசனை கடப்பதாக ஒரு ஸ்மிருதி வழக்கைக் குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டு உரை அது. கதிரவன் தரும் ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவது; அத்தகைய ஒளியை 1999-இல் இயற்பியலாளர் லேனே ஹாவ் குழுவினர் அமெரிக்காவில் நொடிக்கு 17 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். நம் மாநகரப் பேருந்து சாலை காலியாக இருந்தால் எட்டிவிடும் வேகம்!

அவர்கள் எடுத்துக்கொண்டது, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்த சோடியம் அணுக்களின் சிறு மேகம். அணுக்களுக்கு இசைந்த நிறத்தில் வரும் ஒளியை அம்மேகம் விழுங்கிவிடும். இன்னொரு லேசர் கற்றையைச் சேர்த்துப் பாய்ச்சினால், அணு ஒளியை விழுங்கும் இரு வழிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, இருண்ட மேகம் தெளிந்து வழிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் ஹாரிஸ் கண்ட வழி இது. திறக்கும் சாளரம் மிகக் குறுகியது; அதற்குள் ஒளிவிலகல் எண் செங்குத்தாக ஏறுவதால் ஒளித்துடிப்பு தயங்கித் தயங்கி நகர்கிறது. அறுபத்துமூவர் விழாவில் ஆட்கள் முன்னும் பின்னும் விரைந்தாலும் ஊர்வலம் மெல்லத்தானே ஊரும்? இங்கே ஊர்வலம் துடிப்பு, ஆட்கள் அலைமுகடுகள்.

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு வடலூர்தான் நினைவில் எழுந்தது. 1872 தைப்பூசம் முதல் சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலக ஜோதி தெரிகிறது. வள்ளல் பெருமான் காட்டிய அருளொளியை ஆய்வகத்தோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. ஆயினும், மறைக்கும் திரை விலகினால் ஒளி தானே வரும் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு.

2001-இல் ஹாவ் குழுவினர், துடிப்பு மேகத்துக்குள் இருக்கையிலேயே இரண்டாம் லேசரை அணைத்தார்கள். ஒளி மறைந்தது; அதன் வடிவம் அணுக்களில் பதிந்து நின்றது. மீண்டும் லேசரை ஏற்ற, அதே துடிப்பு வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு மில்லிநொடிவரை இப்படிக் காத்தார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு வெறும் ருபிடியம் ஆவியிலும் இதைச் செய்து காட்டியது.

மெதுவான ஒளிக்கு இன்னொரு பயனும் உண்டு. பொதுவாக இரு ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று தீண்டாமல் கடந்துபோகும். தீண்டச் செய்யக் கடும் லேசர் வேண்டும். மெதுவாக, சுருங்கிச் செல்லும் ஒளியோ அணுக்களோடு நெடுநேரம் தங்குகிறது. அதனால் ஒருசில ஒளித்துகள்களே போதும் என்று ஹாரிஸும் ஹாவும் கணக்கிட்டார்கள்.

அத்தனை மங்கிய ஒளியைக் கணிதத்தில் எப்படி எழுதுவது? 1963-இல் ஒரு கட்டுரையில் அதற்கு வழிசொன்னவர் இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் தரமணி கணித அறிவியல் கழகத்தின் இயக்குநர். 2005 இயற்பியல் நோபல் பரிசு அதே துறையில் உழைத்த கிளாபருக்குக் கிடைத்து இவருக்குக் கிடைக்காதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் அவருடைய அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும். மூன்றே பக்கம்தான்.