கலத்தின் வாயில்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

உயிர்க்கலம் ஒவ்வொன்றும் மிக மெல்லிய மென்சவ்வொன்றினாற் சூழப்பட்டுள்ளது. உணவு உட்புகுவதும் கழிவு வெளியேறுவதும் அதனூடாகவே நிகழும். அம்மென்சவ்வு வெறும் அரிதட்டோ, அன்றி ஆளறிந்து திறக்கும் வாயிலோ என்னும் வினாவுக்கு விடைகாண அறிஞர்க்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றது. அவ்விடை ஆய்வுகூடத்தைக் கடந்து மக்களுயிரைக் காத்தமையே இவ்வரலாற்றின் சிறப்பாகும்.

1748 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுப் பாதிரியார் நொலே என்பார், மதுசாரம் நிரம்பிய பாத்திரமொன்றின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி நீரினுள் அமிழ்த்தினார். சில மணி நேரத்தில் அத்தோல் புடைத்தெழுந்தது. ஊசியாற் குத்தியபோது திரவம் பீறிட்டது. வெளியிருந்த நீர் உட்புகுந்தமையே இதற்குக் காரணம். பிரசாரணம் எனப் பிற்காலத்தார் வழங்கிய இந்நிகழ்ச்சியை உயிர்ப்பொருள்களில் விரிவாக ஆராய்ந்தவர் துற்றோசே என்பவர். 1877 இற் செருமானியத் தாவரவியலறிஞர் பெவ்வர், நுண்டுளை மட்பாத்திரத்திற் செயற்கை மென்சவ்வை உண்டாக்கிப் பிரசாரண அமுக்கத்தை அளந்தார். அவ்வளவீடுகளைக்கொண்டு கொள்கை வகுத்த வாண்ட் ஹொவ், 1901 இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றார்.

ஆயினும், இவை நீரின் போக்கையே விளக்கின. கொழுப்பிற் கரையும் பொருள்கள் கலத்தினுள் எளிதிற் புகுதலைக் கண்ட ஓவர்ற்றன், 1899 இல், மென்சவ்வு கொழுப்புத் தன்மையுடையதென முடிவு செய்தார். அங்ஙனமாயின், கொழுப்பிற் கரையாத குளுக்கோசு உட்செல்வது எவ்வாறு? கலத்தினுள்ளே பொற்றாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருப்பது எதனால்? அரிதட்டாயின் இரண்டும் சமனாகிவிடுமன்றோ!

1957 இல் டென்மார்க்கைச் சேர்ந்த இசுக்கூ, நண்டின் நரம்பை ஆராய்ந்து, சத்தியைச் செலவிட்டுச் சோடியத்தை வெளியேற்றும் நொதியத்தைக் கண்டறிந்தார். மூன்று சோடிய அயன்கள் வெளியேற, இரண்டு பொற்றாசிய அயன்கள் உட்புகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெளியேற்றப்பட்ட சோடியம் மீளவும் உட்புக விழைகையிற் குளுக்கோசையும் உடன் கொண்டுசெல்கின்றது என்னும் கருத்தை, 1960 இற் பிராக் நகரிற் கூடிய அறிஞர் அவையில் அமெரிக்கராகிய கிரேன் வெளியிட்டார்.

வாந்திபேதி நோயிற் குடல் நீரையும் உப்பையும் பெருக்கி வெளியேற்றும். எனினும் இவ்விணைவாயில் பழுதுறுவதில்லை. எனவே, உப்பையும் குளுக்கோசையும் சேர்த்துப் பருகக் கொடுப்பின், அவை உட்புக, நீரும் பின்தொடரும். 1968 இல் டாக்காவில் இம்முறை நோயாளரிடத்துச் சோதித்து மெய்ப்பிக்கப்பட்டது.

1971 இல் வங்காளப் போரினால் இடம்பெயர்ந்தோர் மேற்கு வங்கத்துப் பங்கானிற் குவிந்தபோது வாந்திபேதி பரவிற்று. நாளத்தின் வழியேற்றும் உப்புநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிசு, ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், கறியுப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம் எனக் கலந்து, நோயாளரின் உறவினர் கையாலேயே பருகக் கொடுப்பித்தார். ஏறத்தாழ 30 வீதமாயிருந்த மரணம், அவ்வாறு பராமரிக்கப்பட்டோரிடை 4 வீதத்துக்குக் கீழிறங்கிற்று.

இங்கு அளவே உயிர்நாடி. வெல்லம் மிகுமாயின், நொலே கண்ட அதே விதியின்படி நீர் குடலுக்குள் ஈர்க்கப்பட்டு நோய் முற்றும். பயன் கருதாது பாதிரியார் ஒருவர் கண்ட உண்மை, இரு நூற்றாண்டின் பின் தாய்மாரின் கைக்கிண்ணத்தை வந்தடைந்தது. அறிவு எங்கே பயன்படும் என்பதை அதனைத் தேடுவோரே முன்னறியார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.