துப்பாக்கிக் குறிநோக்கி

துப்பாக்கிக் குறிநோக்கி என்பது குழலின் மேல் பொருத்தப்படும் சிறு தொலைநோக்கி. துப்பாக்கி வைத்திருப்போர் இதை ஸ்கோப் என்றே சொல்வர். ஸ்கோப் இல்லாமல் குறிபார்ப்பவர் குழலின் மேலுள்ள பின்காடி, முன்முனை, எதிரேயுள்ள இலக்கு ஆகிய மூன்றையும் ஒரு கோட்டில் கொண்டுவர வேண்டும். மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் கண்ணுக்கு ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிகின்றன. நாற்பது வயதைக் கடந்த கண்ணுக்கு, பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதைவிட இதுவே பெரிய உதவி.

தொலைநோக்கி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டாலும், துப்பாக்கியின் உதையைத் தாங்கும் அளவுக்கு அதைக் கட்ட இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜான் ஆர். சாப்மன் 1844இல் வெளியிட்ட அமெரிக்கத் துப்பாக்கி பற்றிய நூலில், மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கைவினைஞருடன் சேர்ந்து உருவாக்கிய குறிநோக்கி விவரிக்கப்பட்டுள்ளது. 1855இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் மேம்பட்ட வில்லைகளுடன் இவற்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அன்றைய ஸ்கோப் கிட்டத்தட்டக் குழலின் நீளத்துக்கே இருக்கும். புதருக்குள் தூக்கிக்கொண்டு நடக்க ஏற்றதன்று. வேட்டைக்காரர் கைக்கு ஏற்ற ஸ்கோப்பை 1880இல் செய்தவர் ஆஸ்திரியாவின் வனத்துறை ஊழியர் ஆகஸ்ட் ஃபீட்லர். 1898இல் வியன்னாவில் காலெஸ் நிறுவனம் தோன்றியது. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வில்லைமேல் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். வேட்டைக்கான ஸ்கோப்பின் வரலாற்றில் இதுவே தலையாய திருப்பம். விலங்குகள் மேய வரும் விடியலிலும் அந்தியிலும் பயன்படும் கருவியாக அதை ஆக்கியது இந்தப் பூச்சுதான்.

தமிழ்நாட்டு வேட்டையில் ஸ்கோப்புக்கு இடம் குறைவாகவே இருந்தது. நிலம்தான் அதற்குக் காரணம். திருவள்ளூர் மாவட்டத்தில், இன்று சிப்காட் தொழிற்பூங்காவாலும் 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தாலும் அறியப்படும் தேர்வாய் கண்டிகை போன்ற வடகோடிப் பகுதிகளில், வேட்டை என்பது முயல், காடை, கவுதாரி, பழவேற்காடு ஏரியின் நீர்ப்பறவைகள் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. அதற்கு வலையும் கண்ணியும் ரவைத் துப்பாக்கியும் போதுமானவையாக இருந்தன. ரவை சிதறிப் பாய்வது, முப்பது நாற்பது கஜத்துக்கு மேல் நம்பத்தக்கதன்று. சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன், துப்பாக்கியில் டார்ச்சைப் பொருத்தி இரவில் காத்திருந்து, மிகக் கிட்டத்திலிருந்தே சுட்டவர். 1954இல் வந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரிப் புலியின் கதை இருக்கிறது. அந்த நெருக்கத்தில் ஸ்கோப் வழியே பார்த்தால் புலியின் தோல் மட்டுமே தெரியும். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது.

விதிவிலக்கு, வரையாடு. நீலகிரி, ஆனைமலைப் பாறை விளிம்புகளில் அது கண்பார்வையையே அரணாக்கி வாழ்வது. முதுகில் வெளிர்நிறச் சேணம் படிந்த முதிர்ந்த கடாவைப் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து அடையாளம் காண்பதிலேயே அன்றைய வேட்டையின் பாதி முடிந்துவிடும். 1877இல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே வேட்டையை உரிமத்துக்குள்ளும் பருவத்துக்குள்ளும் கொண்டுவந்தன. இத்தகைய மலைகளில் மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது கிடைமட்டத் தூரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். 30 பாகைச் சரிவில் 200 கஜம் என்பது ஏறத்தாழ 173 கஜமே. இதை மறந்தவரின் தோட்டா ஆட்டின் முதுகுக்கு மேல் போகும்.

ஸ்கோப்பின் அளவு இரண்டு எண்களில் குறிக்கப்படும். 4x32 என்றால் நான்கு மடங்கு பெருக்கம், 32 மில்லிமீட்டர் முன்வில்லை. 32ஐ 4ஆல் வகுத்தால் கிடைக்கும் 8 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். இருளில் விரிந்த இளங்கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், வயதானால் 5. ஆகவே 3-9x40 வகையை 9 மடங்கில் வைத்தால் 4.4 மில்லிமீட்டர் மட்டுமே கிடைக்கும். அந்தியில் படம் மங்கும். பெருக்கம் கூடக் கூடப் பார்வைப்பரப்பு சுருங்கும், கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். காட்டு வேட்டைக்கு நான்கு மடங்கு நிலைப்பெருக்கமே சிறந்தது. மலிவான ஸ்கோப்பில் பெரிய எண்களைத் தேடுவதைவிட, நல்ல வில்லையும் மழையில் உள்ளே ஆவி படியாதபடி நைட்ரஜன் நிரப்பி அடைத்த உடலும் பார்த்து வாங்குவதே முறை. சுருள்வில் ஏர்கன் முன்னும் பின்னும் உதைக்கும். அதற்கென்று செய்யப்படாத ஸ்கோப் அதில் சிதைந்துவிடும்.

பொருத்தும்போது கண்ணுக்கும் பின்வில்லைக்கும் 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குறைந்தால் உதையில் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். தலை சரியான இடத்தில் இல்லையென்றால் படத்தின் ஓரத்தில் பிறைபோல் கருநிழல் விழும். அது மறையும் வரை, பிடித்திருக்கும் வளையங்களுக்குள் ஸ்கோப்பை முன்பின் நகர்த்திய பிறகே வளையத்தின் திருகை இறுக்க வேண்டும். அடுத்தது ஜீரோ செய்தல், அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தல். 25 கஜத்தில் தொடங்கி, மணல்மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து மூன்று தோட்டா சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியைக் கொண்டு ஸ்கோப்பின் சரிப்படுத்தும் திருகைத் திருப்ப வேண்டும். ஒற்றைத் தோட்டாவை நம்பக் கூடாது. பரவலான கால் கோண-நிமிடத் திருகில் ஒரு கிளிக், 100 கஜத்தில் தோட்டா விழும் இடத்தை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகர்த்தும். 25 கஜத்தில் அதே நகர்வுக்கு நான்கு கிளிக் வேண்டும். ஸ்கோப் குழலுக்கு மேலே இருப்பதால் தோட்டா பார்வைக்கோட்டை இருமுறை கடக்கும். .30-06 துப்பாக்கியை 200 கஜத்துக்கு ஜீரோ செய்தால் 100 கஜத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் மேலேயும் 300 கஜத்தில் 20 சென்டிமீட்டர் கீழேயும் படும். ஸ்கோப்பை எதிரே வருவது யாரென்று பார்க்கப் பயன்படுத்துவது பெருந்தவறு; குழலும் அவரை நோக்கியே இருக்கும். அதற்குத்தான் பைனாகுலர்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இந்தியாவில் வேட்டையை முழுமையாக நிறுத்தியது. ஏர்கன்னால் காட்டுப்பறவையைச் சுடுவதும் அதன்படி குற்றம். வரையாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. இன்று ஸ்கோப் வனக் கால்நடை மருத்துவரின் மயக்க ஊசித் துப்பாக்கியிலும், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி பெற்றவர் கையிலும் முறைப்படி வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை மட்டும், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்.