வாக்குறுதிக்கு என்ன விலை? – டாய்ஸ்மார்ட் வழக்கும் இணைய வணிகத்தின் நம்பிக்கையும்

கடைவீதியில் ஒரு பொம்மை வாங்குகிறவர் கடைக்காரரிடம் காசை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார். அவர் யார், எந்தத் தெருவில் வசிக்கிறார், அவருடைய குழந்தைக்கு என்ன வயது என்பவை கடைக்காரருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. அதே பொம்மையை இணையத்தில் வாங்குகிறவர் காசோடு சேர்த்துத் தம்மைப் பற்றிய குறிப்பையும் கொடுத்தாக வேண்டும். பெயர், முகவரி, மின்னஞ்சல், கடனட்டை எண் என அது நீள்கிறது. பொருள் கைக்கு வந்த பிறகும் அந்தக் குறிப்பு விற்றவரிடமே தங்கிவிடுகிறது.

அப்படித் தங்கிவிட்ட குறிப்பு யாருக்குச் சொந்தம்? கொடுத்தவருக்கா, வாங்கி வைத்திருப்பவருக்கா? வைத்திருப்பவரின் வணிகம் நொடித்துப் போனால் அதன் கதி என்ன? இந்தக் கேள்விகள் முதன்முதலாக ஒரு நீதிமன்றத்தின் முன் தெளிவாக வந்து நின்ற ஆண்டு 2000. வந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். கொண்டுவந்தது ஒரு பொம்மைக் கடை. இன்று எல்லா இணையதளங்களின் அடியிலும் சிறிய எழுத்தில் காணப்படும் 'தனியுரிமைக் கொள்கை' என்ற ஆவணத்தின் வரலாற்றில் அந்த வழக்குக்குத் தனியிடம் உண்டு.

கொள்கை பிறந்த கதை

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி 'குக்கி' என்ற சிறு கோப்பை உருவாக்கினார். வந்து போகிறவர் யார் என்பதை மறந்துவிடும் இயல்புடைய இணையதளத்துக்கு அது நினைவாற்றலைத் தந்தது. வாங்குபவரின் கூடையில் என்னென்ன இருக்கின்றன என்று கடை நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது, மின்வணிகம் வளர்ந்தது. கூடையை நினைவில் வைக்கத் தெரிந்த கருவிக்கு ஆளையும் நினைவில் வைக்கத் தெரியும் என்பது சிறிது காலம் கழித்தே மக்களுக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1998இல் சுமார் 1,400 இணையதளங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தனிநபர் விவரங்களைத் திரட்டிக்கொண்டிருந்தன. அது குறித்து ஏதேனும் ஓர் அறிவிப்பாவது வைத்திருந்தவை 14 விழுக்காடு. முழுமையான கொள்கை என்று சொல்லத்தக்கதை வெளியிட்டிருந்தவை சுமார் 2 விழுக்காடு மட்டுமே. சட்டம் இயற்றலாமா என்ற பேச்சு எழுந்தது. சட்டம் வேண்டாம், நாங்களே எங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம் என்றனர் வணிகர்கள். 1997இல் தொடங்கப்பெற்ற 'டிரஸ்ட்-ஈ' போன்ற அமைப்புகள் நம்பகமான தளங்களுக்கு ஒரு முத்திரையை வழங்கலாயின. தளங்கள் தோறும் கொள்கைகள் முளைத்தன. 2000ஆம் ஆண்டில் ஆணையம் மீண்டும் கணக்கெடுத்தபோது 88 விழுக்காட்டுத் தளங்களில் ஏதோ ஓர் அறிவிப்பு இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் வாக்குறுதிகள் பெருகிவிட்டன. வாக்கு காப்பாற்றப்படுமா என்பதைச் சோதிக்கும் சந்தர்ப்பம் அடுத்து வந்தது.

பொம்மைக் கடையின் வாக்கு

மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் இயங்கிய டாய்ஸ்மார்ட்.காம், கல்வி சார்ந்த விளையாட்டுப் பொருள்களை இணையத்தில் விற்ற நிறுவனம். 1999இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தளத்தில் தனியுரிமைக் கொள்கை ஏறியது. வாடிக்கையாளர் தாமாக முன்வந்து தரும் பெயர், முகவரி, கட்டண விவரம், வாங்கும் விருப்பங்கள் முதலியவை மூன்றாம் நபர் எவருக்கும் ஒருபோதும் தரப்படமாட்டா என்பது அதன் சாரம். 'ஒருபோதும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். அதில் விதிவிலக்கு இல்லை, காலக்கெடு இல்லை, 'நாங்கள் நடத்தும் வரை' என்ற நிபந்தனையும் இல்லை. டிரஸ்ட்-ஈ முத்திரையும் உடன் இருந்தது. பெற்றோர்கள் நம்பினார்கள்; குழந்தைகளின் பெயரும் பிறந்த நாளும்கூட அந்தத் தரவுத்தளத்தில் சேர்ந்தன.

2000ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்தது. மே 22 அன்று டாய்ஸ்மார்ட் கடையை மூடியது. கடன் கொடுத்தவர்கள் ஜூனில் நொடிப்பு வழக்குத் தொடுத்தார்கள். அந்த மாதமே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில், நிறுவனத்தின் சொத்துகள் விற்பனைக்கு என்ற விளம்பரம் வெளியாயிற்று. சொத்துகளின் வரிசையில் வாடிக்கையாளர் பட்டியலும் இருந்தது.

நொடித்துப்போன பழைய கடையில் கிடங்கு இருக்கும், மரச்சாமான் இருக்கும், விற்காத சரக்கு இருக்கும். இணையக் கடையிடம் இவை சொற்பம். அதனிடம் விலைபோகக்கூடியதாக எஞ்சியிருந்தவற்றுள் முக்கியமானது அதை நம்பியவர்களின் விவரமே. கடன் கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதை விற்காமல் விடுவது அநியாயமாகத் தோன்றும். அவர்களும் ஏமாந்தவர்களே, கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் அவர்களுக்குச் சேரவேண்டியது என்பதே நொடிப்புச் சட்டத்தின் அடிப்படை. ஆக இவ்வழக்கில் ஒருபுறம் கடன்பட்ட பணம், மறுபுறம் கொடுத்த வாக்கு. இரண்டும் நியாயமான பாக்கிகள்.

நீதிமன்றத்தில்

விளம்பரத்தைக் கண்ட டிரஸ்ட்-ஈ அமைப்பு ஆணையத்திடம் முறையிட்டது. ஜூலை 10 அன்று ஆணையம் டாய்ஸ்மார்ட் மீது வழக்குத் தொடர்ந்தது.

வழக்குக்கு அடிப்படையான சட்டத்தை இங்கே சுட்டவேண்டும். இணையதளம் தனியுரிமைக் கொள்கை வைத்திருந்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடும் பொதுச் சட்டம் எதுவும் அப்போது அமெரிக்காவில் இல்லை. ஆணையம் கையில் எடுத்தது 1914இல் இயற்றப்பெற்று, 1938இல் திருத்தப்பெற்ற ஒரு சட்டம். வணிகத்தில் ஏமாற்றும் செயல்களைத் தடுக்கும் பிரிவு அதில் உள்ளது. வானொலிக் காலத்தில் எழுதிய ஒரு வரி இணையக் காலத்து வாக்குறுதிக்குப் பல் முளைக்கச் செய்தது. இதில் ஒரு விநோதமும் உண்டு. எந்த வாக்கும் கொடுக்காமல் விவரத்தைத் திரட்டி விற்ற தளத்தை இந்தப் பிரிவின்படி ஏமாற்றியதாகக் குற்றம்சாட்டுவது கடினம். வாக்குக் கொடுத்தவரே மாட்டிக்கொள்வார்.

அவ்வாண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்த குழந்தைகளின் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வழக்கில் சேர்ந்தது. டைனோசர்கள் பற்றிய ஒரு வினாடி வினாப் போட்டியின் வழியே, பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதாக ஆணையம் குற்றம்சாட்டியது.

ஜூலை 21இல் சமரசம் எட்டியது. பட்டியலைத் தனிப் பொருளாக விற்கக்கூடாது. தளம் முழுவதையும் வாங்குகிற, அதே வகை வணிகத்தில் உள்ள ஒருவருக்கே தரலாம். வாங்குபவர் பழைய கொள்கையைக் கடைப்பிடிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டை வாங்குகிறவர் குடியிருப்பவரின் ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு.

ஆணையர்களுள் ஒருவரான ஓர்சன் ஸ்விண்டில் இதை ஏற்கவில்லை. மக்கள் தம் விவரங்களை மதிப்புடையவையாகக் கருதுகிறார்கள் என்று நாம் உண்மையிலேயே நம்பினால், அவற்றைப் பெறுவதற்காக நிறுவனங்கள் கொடுத்த வாக்கை அப்படியே நிறைவேற்றச் செய்யவேண்டும் என்பது அவருடைய வாதம். புதிதாக வாங்குகிறவர் எவ்வளவு நல்லவரானாலும் அவர் மூன்றாம் நபரே. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களும் சமரசத்தை எதிர்த்தனர். வாடிக்கையாளரைக் கேட்காமல் கைமாற்றக்கூடாது என்பது அவர்களின் நிலை.

நொடிப்பு நீதிமன்ற நீதிபதி கரோல் கென்னர் ஆகஸ்டில் வேறொரு முடிவெடுத்தார். வாங்க ஆளே வராதபோது நிபந்தனைகளை முன்கூட்டியே விதிக்கத் தேவையில்லை. ஆள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சமரசத்தை ஏற்க மறுத்தார். ஆள் வரவில்லை. 2001 ஜனவரியில் டிஸ்னியின் துணை நிறுவனமொன்று 50,000 டாலர் செலுத்தியது. பட்டியலை அழித்துவிடுவதற்காகக் கொடுத்த பணம் அது. அழிப்பதற்கு ஏற்பாடாயிற்று.

கடன்காரர்களுக்குச் சிறிது பணம் கிடைத்தது; வாக்கும் காப்பாற்றப்பட்டது. ஆனால் அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவே இல்லை. டிஸ்னி பணம் செலுத்தாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது திறந்தே கிடந்தது.

வணிகர்கள் கற்ற பாடம்

இவ்வழக்கிலிருந்து வணிக உலகம் ஒரு பாடம் கற்றது. வாக்கைக் காக்கவேண்டும் என்பது அந்தப் பாடம் என்று நினைப்போம். 'ஒருபோதும்' என்று எழுதாதே என்பதே அவர்கள் கற்றது. 2000 ஆகஸ்டு இறுதியில் அமேசான் தன் கொள்கையைத் திருத்தியது. வணிகமோ அதன் பகுதியோ கைமாறும்போது வாடிக்கையாளர் விவரமும் சொத்துகளில் ஒன்றாகக் கைமாறும் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. மின்னணுத் தனியுரிமைத் தகவல் மையம் என்ற அமைப்பு இதைக் கண்டித்து, அமேசான் வழியாகத் தன் நூல்களை விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஆயினும் அந்த வாசகம் நிலைத்தது. பிற நிறுவனங்களின் கொள்கைகளிலும் பரவியது.

2005இல் அமெரிக்க நொடிப்புச் சட்டம் திருத்தப்பெற்றது. விவரங்களைத் தரமாட்டோம் என்று சொன்ன நிறுவனம் நொடித்தால், அந்தச் சொல்லுக்கு முரணான விற்பனைக்கு முன் 'நுகர்வோர் தனியுரிமைக் கண்காணிப்பாளர்' ஒருவரை அமர்த்தி, அவர் கருத்தை நீதிமன்றம் கேட்கவேண்டும். டாய்ஸ்மார்ட் விட்டுச்சென்ற சட்ட வழித்தோன்றல் இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைமாற்றலாம் என்று கொள்கையிலேயே எழுதி வைத்தவருக்கு இந்தத் தடை பொருந்தாது.

கொள்கைகள் நீண்டன. ஒருவர் தாம் செல்லும் தளங்களின் கொள்கைகளை எல்லாம் படிப்பதானால் ஆண்டுக்குச் சுமார் 201 மணி நேரம் ஆகும் என்று 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்டு, கிரேனர் ஆகிய ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். வாக்குறுதியாகத் தொடங்கிய ஆவணம் விதிவிலக்குகளின் தொகுப்பாகிவிட்டது. வாசகரை நோக்கி எழுதிய உரைநடை, வழக்கறிஞரை நோக்கி எழுதும் உரைநடையாயிற்று. மொழி படிக்கும் நமக்கு இந்த மாற்றம் ஒரு வரலாற்றுச் சான்று.

மீண்டும் அதே கேள்வி

2015இல் ரேடியோஷாக் நொடித்தபோது 11 கோடியே 70 இலட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்தன. மாநிலங்கள் எதிர்த்ததால் ஒரு சிறு பகுதி மட்டுமே கைமாறியது. 2025 மார்ச்சில் மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ நொடிப்புக்கு விண்ணப்பித்தபோது ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் பேரின் விவரங்கள் அதனிடம் இருந்தன. உமிழ்நீரிலிருந்து படித்தெடுத்த மரபுக் குறிப்பு அது. முகவரியை மாற்றிக்கொள்ளலாம், கடனட்டையை மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்றிக்கொள்ள இயலாது. உடன்பிறந்தாரையும் பெற்ற பிள்ளைகளையும் பற்றிய செய்தியும் அதில் அடங்கும். அவர்கள் எந்தக் கொள்கைக்கும் இசைவு தந்தவர்கள் அல்லர். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டார். பல மாநிலங்கள் வழக்காடின. இறுதியில் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆன் வொய்சிக்கி தலைமையிலான இலாப நோக்கற்ற அமைப்பு, பழைய கொள்கையைக் காப்பதாக ஏற்று, 30 கோடியே 50 இலட்சம் டாலருக்கு அதை வாங்கியது. டாய்ஸ்மார்ட் சமரசத்தில் பேசப்பட்ட அதே நிபந்தனை, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

தமிழில் 'அடைக்கலப் பொருள்' என்றொரு சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். அடைக்கலமாகப் பெற்றதைக் காப்பது பெற்றவரின் கடமை. தமக்கு நெருக்கடி வந்தபோது விற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கில்லை. டாய்ஸ்மார்ட் வழக்கின் வேர்க் கேள்வியை இச்சொல்லால் கேட்டால் எளிதாக விளங்கும். வாடிக்கையாளர் விவரம் கடைக்காரரின் சொத்தா, அவரிடம் வைத்த அடைக்கலமா? சொத்து என்றால் கடன்காரர் கேட்பது நியாயம். அடைக்கலம் என்றால் அது ஏலப் பட்டியலில் ஏறியதே பிழை. கணக்குப் பதிவேடு சொத்து என்கிறது. வாங்கியவரின் மனம் அடைக்கலம் என்கிறது. இரண்டுக்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் கால் நூற்றாண்டாக இணைய வணிகம் நடந்துவருகிறது.

இனி ஒரு தளத்தில் பெயரையும் முகவரியையும் எழுதுமுன், அதன் கொள்கையில் ஒரே ஒரு பத்தியைத் தேடிப் படித்தால் போதும்: நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ உங்கள் விவரம் என்ன ஆகும் என்று சொல்லும் பத்தி. மற்றப் பக்கங்கள் எல்லாம் நல்ல காலத்துக்காக எழுதியவை. அந்தப் பத்தி கெட்ட காலத்துக்கானது. ஒருவரின் வாக்கு எத்தகையது என்பதை அறிய அதுவே உகந்த இடம்.